உன் டீமுக்கு வயசாகிவிட்டதாம், மச்சான்

என் அருமை மச்சான் நிமலா,

உன் புக்கெகோஹி டீம் இந்த வருஷம் ப்ளேஆஃபுக்கு வரவே வராது என்று நாங்கள் ஆல்பனி டீம் ரசிகர்கள் மொத்தப்பேரும் சொன்னோம். நீ இருந்திருந்தால் மடக்கு நாற்காலியை உதறிவிட்டு எழுந்து, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "எங்க, இன்னொருக்காச் சொல்லும் பாப்பம்" என்று சண்டைக்கு வந்திருப்பாய். நீ இல்லை. ஜூலையில், இந்தத் தென்கோடி நாட்டுக் குளிர்காலத்தில், வெங்காயம் பொதி செய்யும் ஷெட்டில், வேலைக்கு நடுவில் உன் இதயம் நின்றுவிட்டது. அதனால் நடந்ததை எழுதித்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக்காரன் நீ, மதுரைக்காரன் நான். மவுண்ட் ராஸ்கில்லில் ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு அறையாக வாடகைக்கு இருந்தோம். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் 'மச்சான்' என்ற சொல் பொதுவாக இருந்ததால் அப்படியே ஒட்டிக்கொண்டோம். உன்னோடு ஷெட்டில் வேலை செய்த ஜப்பான்காரர் கோஜி ஒருநாள் உன்னைத் தன் பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். நீ என்னை இழுத்துப்போனாய். ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது நாம் இரண்டு தமிழர்கள் மட்டும் கம்பி வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒருவன் பந்தெறிய இன்னொருவன் மட்டையைச் சுழற்றுவதை வாயைப் பிளந்து பார்த்தோம். நீ கோஜியின் டீமைப் பிடித்துக்கொண்டாய். உனக்கு எதிராக யாராவது வேண்டுமே என்று, என் ஆபீஸ் இருக்கிற ஆல்பனியை நான் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சண்டைதான் இத்தனை வருஷமும் நம் சனிக்கிழமை.

சீசன் அக்டோபரில் தொடங்கியது. நான் போவதாகவே இல்லை. பக்கத்தில் காலியான ஒரு இடத்தை வைத்துக்கொண்டு யாரிடம் வம்பிழுக்க? ஆனால் ஆபீஸ் பிரகாஷ் விடவில்லை. சென்னைப் பையன், முப்பது வயசு, புள்ளிவிவரம் எல்லாம் போனிலேயே வைத்திருப்பவன். உனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. முதல் ஆட்டமே உன் டீமோடு. உன் டீமில் யார் இறங்கினார்கள் என்று நினைக்கிறாய்? அதே கோஜி. அதே சியோனே. பந்தெறிகிற கோஜியின் தாடி முழுக்க நரைத்துவிட்டது. டோங்காக்காரர் சியோனே முதல் பேஸில், அதாவது அடித்தவன் ஓடிவந்து முதலில் தொட வேண்டிய இடத்தில், நிற்கிறார், முட்டியில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு, குனியும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"சரவணன் அண்ணா, இன்னும் இந்த ரெண்டு பெருசுங்கள வெச்சுத்தான் ஓட்டுறாங்களா?" என்று பிரகாஷ் சிரித்தான். "அந்தாளு பந்துல வேகமே இல்ல. இன்னொருத்தர் ஓடுறதுக்குள்ள நான் காபி வாங்கிட்டு வந்துடுவேன். ப்ளேஆஃபா? சான்ஸே இல்ல."

நானும் சிரித்தேன். ஆமா, வயசாயிடுச்சு என்றேன். அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"பந்தில வேகம் இல்லையெண்டு ஆர் சொன்னது? உமக்குத்தான் அது விளங்கேல்லை."

திரும்பினால் கலா.

மச்சான், உன் மனைவி உன்னுடைய பச்சை டீம் சட்டையைப் போட்டிருந்தாள். தோள் இரண்டு பக்கமும் சரிந்து தொங்கியது. நெற்றியில் பொட்டு இருந்தது. கையில் உன் மடக்கு நாற்காலி. அதை விரித்து எங்கள் ஆல்பனிக்காரர்கள் நடுவில் சரியாகப் போட்டு உட்கார்ந்தாள். "கோஜி வேகமா எறியிறதை விட்டு ரெண்டு சீசன் ஆச்சு. இப்ப அவர் மெதுவா எறிஞ்சுதான் ஆக்களை ஏமாத்திறவர். இந்த ஆளைப் பாரும், இப்ப அவசரப்பட்டுச் சுழட்டுவார்" என்றாள். எங்கள் ஆள் அவசரப்பட்டுச் சுழற்றினான். பந்து சாவகாசமாக அவன் மட்டைக்கு அடியில் போய்க் கையுறையில் விழுந்தது. பிரகாஷ் போனைப் பார்த்துக்கொண்டான்.

நாம் கத்திக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவள் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் பேசாமல்தான் இருந்தாள். ஆட்டம் பிடிக்கவில்லை, உனக்காக வருகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு பந்தையும் பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியுமா? இல்லை, நீயும் என்னைப்போலத்தானா?

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவள் விடவில்லை. உன் டீம் ஆட்டம் எங்கே இருந்தாலும் வந்தாள். நடுவரைத் தமிழில் திட்டினாள். சியோனே நொண்டிக்கொண்டு ஓடும்போது எழுந்து நின்று கை தட்டினாள். ஒருநாள் பிரகாஷ் அந்த முட்டியைப் பற்றி ஏதோ சொல்லப்போக, "அந்த முட்டியோட நீர் ஒருக்கா ஓடிக்காட்டும், பிறகு கதைப்பம்" என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், சொன்னது என்னவென்று தெரியாமலே அவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

சும்மா விடுவார்களா நம் ஆட்கள்? யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பிளாட் புஷ் பகுதியில் இருக்கும் உன் பெரியண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி சரவணன், நீர்தான் கலாவை அங்க கூட்டிக்கொண்டு போறீராம்."

"நான் கூட்டிட்டுப் போகலண்ணே. அவங்களேதான் கார் ஓட்டிட்டு வர்றாங்க."

"ஒரு வருஷ ஆட்டைத்திவசம்கூட இன்னும் முடியேல்லை. பொட்டும் வைச்சுக்கொண்டு, ஆம்பிளையளோட நிண்டு கூக்காட்டுறாவாம். சனம் என்ன கதைக்கும்? நீர் சொன்னாக் கேப்பா."

"எனக்குச் சொல்லத் தோணலண்ணே" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவரே உன் வீட்டுக்கு வந்தார். கலா என்னையும் வரச்சொல்லியிருந்தாள். தூரத்தில் டனீடினில் படிக்கும் உன் மகள் அபி லீவுக்கு வந்திருந்தாள். பெரியண்ணன் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். உன் செத்தவீட்டில் எல்லாக் காரியத்தையும் தலையில் போட்டுச் செய்தவர் அவர். சோபா நுனியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல்தான் பேசினார். ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்றார். உன் பெயருக்கு இழுக்கு என்றார்.

கலா தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்: "அண்ணை, அவர் செத்தது எனக்கு. சனத்துக்கில்லை. வீட்டுக்குள்ள இருந்து அழுதால்தான் துக்கமெண்டு நீங்கள் நினைக்கிறீங்கள். நான் அங்க போயும் அழுறனான்தான். சத்தம் போட்டு அழுறன், அவ்வளவுதான்."

"அப்ப எங்கட சொல்லுக்கு மரியாதை இல்லை?"

"இருக்கு. ஆனா சனிக்கிழமை நான் போவன்."

அவர் அபியைப் பார்த்தார். அவள் எப்போதும்போல இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். அம்மா கத்தட்டும் பெரியப்பா, வீட்டில் இருந்தால் அம்மா சாப்பிடுவதே இல்லை என்றாள். பெரியண்ணன் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

லீக்கின் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். உன் டீமுக்கும் என் டீமுக்கும். நாங்கள் முன்னமே ப்ளேஆஃபுக்குள் போய்விட்டோம். உங்களுக்கு அன்றைக்கு ஜெயித்தால்தான் உண்டு, தோற்றால் சீசன் முடிந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பார்க்க அபியும் வந்திருந்தாள்.

கடைசிச் சுற்று. உன் டீம் ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருக்கிறது. எங்களுக்கு மட்டை. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டு பேஸில் நிற்கிறார்கள், மட்டையோடு வருகிறவன் எங்கள் டீமிலேயே பெரிய அடி அடிப்பவன். கோஜி சட்டையெல்லாம் நனைந்து, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். கோச் அவரை மாற்ற மைதானத்துக்குள் நடந்து வந்தார். கோஜி பந்தைக் கொடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கோச் ஏதோ சொன்னார். கோஜி மறுபடியும் தலையை ஆட்டினார். கோச் திரும்பிப் போனார்.

"போச்சு," என்றான் பிரகாஷ். "ஈகோ. முடிஞ்சுது கதை."

கலா எழுந்து வேலிக்குப் போனாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "விடாதீங்கோ கோஜி! ஒருத்தருக்கும் குடுக்காதீங்கோ!" அந்த மனிதருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் திரும்பிப் பார்த்தார். உன் சட்டையைப் பார்த்தாரோ, அவளைப் பார்த்தாரோ, தொப்பி நுனியைத் தொட்டார்.

அந்தப் பந்து எவ்வளவு மெதுவாகப் போனது என்கிறாய்! எங்கள் ஆள் பாதிச் சுழற்றலில் தடுமாறி அடித்தான். பந்து தரையோடு, கல் மாதிரி, சியோனேக்கு எட்டாத பக்கமாகப் போனது. அவர் விழுந்தார் மச்சான். அந்த முட்டியை வைத்துக்கொண்டு முழு உடம்போடு பக்கவாட்டில் விழுந்து பந்தைப் பிடித்தார். எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் ஆள் ஓடி வருகிறான். சியோனே வயிற்றாலேயே ஊர்ந்து, கையை நீட்டி, அவன் வந்து சேருவதற்குள் பந்தோடு பேஸைத் தொட்டார். ஒரு அடி வித்தியாசம். அவுட் என்று நடுவர் முஷ்டியை உயர்த்தினார்.

என் டீம் தோற்றதற்கு நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன் என்று பிரகாஷ் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டான். பொய் இல்லை. "அண்ணா, நீங்க எந்த டீம்ணா?" என்று கேட்டான். நான் நாற்காலியிலிருந்து இறங்கி வேலிப் பக்கம் பார்த்தேன். கலா வேலியைப் பிடித்தபடியே குலுங்கிக்கொண்டிருந்தாள். அபி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தினால் உனக்கு இனிப்பாக இருக்கும். ஆனால் உன்னிடம் நான் ஆட்டத்தைப் பற்றி எப்போது பொய் சொன்னேன்? அடுத்த வாரம் அரையிறுதியில் உன் டீம் அடி வாங்கியது. கோஜியின் தோள் தூக்கவே வரவில்லை. சியோனே ஊன்றுகோலோடு வெளியே உட்கார்ந்திருந்தார். பாதி ஆட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பிரகாஷ் கலாவிடம் வந்தான். "நான்தான் அப்பவே சொன்னேன்ல அக்கா, வயசாயிடுச்சுன்னு."

"ப்ளேஆஃபுக்கு வரமாட்டினம் எண்டுதானே தம்பி சொன்னனீர்? வந்தவை" என்றாள். "தோத்தவைதான். வந்து தோத்தவை."

ஆட்டம் முடிந்ததும் அவள் கோஜியிடம் போய், அடுத்த சீசனுக்கு இருப்பீர்களா என்று கேட்டாள். தோளில் ஐஸ் கட்டிக்கொண்டிருந்த மனிதர் அதில் சந்தேகம் என்ன என்பதுபோல அவளைப் பார்த்தார். சியோனே ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினார். அவருக்கு ஆபரேஷனாம். இனி ஆட வேண்டாம் என்கிறாராம் டாக்டர். டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் டீமுக்கு நான் மாறமாட்டேன், அந்த ஆசையே வேண்டாம். செத்துவிட்டாய் என்பதற்காகவெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது. அக்டோபரில் உன் கிழவர்களை முன்னைவிட மோசமாகக் கிண்டல் செய்வேன், கலா என்னைக் கிழித்துத் தொங்கவிடுவாள். அவளை வீட்டுக்குப் போ, வாயை மூடு என்று சொல்ல யார் வந்தாலும், பெரியண்ணனாக இருந்தாலும், ஊரே திரண்டு வந்தாலும், வேலிக்கு முன்னால் முதலில் நான் நிற்பேன்.

என்றும் உன் எதிர்க்கட்சி மச்சான்,
சரவணன்