பெல்ட்டில் ஐந்தாவது ஓட்டை

நைட் ஷிப்ட் முடிந்து இன்று காலை குவார்ட்டர்ஸுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றினேன். அதில் நீ ஆணியடித்துப் போட்ட நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. நான்காவதில் மாட்டியும் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. இன்னொன்று போட வேண்டும். போடுவதற்கு நீதான் இல்லை. நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

முதல் ஓட்டைக்கு முன் நடந்ததை மறக்க முடியுமா? சர்க்கரை இருக்கிறது, எடையைக் குறை என்று டாக்டர் சொன்னதும் நான் ஒரே மாதத்தில் ஒல்லியாகிவிடக் கிளம்பினேன். ‘காலை டிபனுக்கு முன்’ என்று எழுதியிருந்த மாத்திரையை, நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் போட்டுக்கொள்வேன். டிபனைத் தொடாமல் படுத்துவிடுவேன். தூங்கப்போகிறவனுக்கு எதற்கு இட்லி என்று நினைப்பு. மனைவி வேலைக்குப் போய்விடுவதால் கேட்க ஆளில்லை.

அன்று அடுத்த வீட்டிலிருந்து பேப்பர் வாங்க வந்தவன் நீ. பின்கதவு வழியே எட்டிப் பார்த்தால், கட்டிலில் வேர்வையில் நனைந்து கிடக்கிறேன். கை நடுங்குகிறது, உன் பெயர்கூட வாயில் வரவில்லை. என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தாய். எனக்குத் தெளிந்த பிறகுதான் திட்டவே ஆரம்பித்தாய்.

“டாக்டரு வெயிட்டத்தான கொறைக்கச் சொன்னாரு, ஆளையே கொறைக்கச் சொன்னாரா? வேர்த்து ஊத்திகினு கெடக்குற. ஏந்திரு, ஆஸ்பத்திரிக்கு!”

ஷிப்ட் மாறி மாறி வருவதை நான் டாக்டரிடம் சொல்லாமலே விட்டிருந்தேன். நீதான் போட்டுக்கொடுத்தாய். அவர் மாத்திரையை மாற்றினார், பட்டினி கூடவே கூடாது, மெல்லக் குறைந்தால் போதும் என்றார். அதிலிருந்து ஒவ்வொரு நைட் ஷிப்ட் முடிந்ததும் உன் டிபன் தட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாய். நான் இரண்டு இட்லியும் சுண்டலும் முடிக்கிறவரை எழ மாட்டாய். உனக்கு ஆறு இட்லி. என் எதிரிலேயே சட்னியை வழித்து வழித்துத் தின்பாய், பாவி. சாயந்திரம் பிளாக்கைச் சுற்றி நடை. எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. பெல்ட் தளரும்போதெல்லாம் அதை வாசற்படியில் வைத்து ஆணியடிப்பாய். “அவசரப்படாதடா, பெல்ட்டு எங்கியும் ஓடிப்போவாது” என்பாய்.

ஓடிப்போனது நீ. சர்க்கரையே இல்லாத உன்னை ஒரு மாலையில் நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது.

நேற்று உன் மனைவி அந்த ஆணியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். “இத வச்சிக்கங்கண்ணா. இன்னும் ஒரு ஓட்டதான் பாக்கின்னு சொல்லிகினே இருந்தாரு” என்றவர், என் இடுப்பைப் பார்த்துவிட்டு, “சரியா சாப்புடறீங்களாண்ணா?” என்று கேட்டார்.

இல்லை. எதிரில் உன் தட்டு இல்லாமல் எனக்கு இட்லி இறங்குவதில்லை. மாத்திரை மட்டும் இறங்குகிறது. உன்னை எவ்வளவு தேடுகிறேன் தெரியுமா?

இந்த ஐந்தாவது ஓட்டை நடந்து வந்ததல்ல, பட்டினி கிடந்து வந்தது. நீ இருந்தால் ஆணியைத் தொட்டிருக்க மாட்டாய். சட்டையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாய். தூங்கி எழுந்ததும் நானே போகிறேன். இப்போது தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இட்லி, சுண்டல். உன் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே தின்கிறேன். பெல்ட்டில் நான்கு ஓட்டைதான். உன் ஆணியைச் சுவரில் அடித்து, அதில் பெல்ட்டை மாட்டிவிட்டேன்.