லெட்டர் எதுவும் வரலை

என் செல்ல ஸ்டெல்லாக்கா,

நீ போய் நாலு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் உன் போட்டோவைப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதி முடித்துக்கொண்டோம். இந்தத் தடவை இரண்டு வரி பத்தாது. உனக்குத் தெரியாமல் நான் ஒன்று செய்தேன். தெரியாமல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியுமோ என்னவோ.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று நீயே சொல்வாய். பால்காரர் ஊற்றினால் விரலை விட்டுப் பார்ப்பேன். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்து, அந்த வேலை உனக்கு வந்தபோதுகூட, "ஆர்டரை இன்னொரு தடவை படிக்கா, பேரு சரியா இருக்கா பாரு" என்றவள் நான். ஆவடி ஃபேக்டரியில் பனியில் நிற்கும் ராணுவக்காரர்களுக்குப் பஞ்சு வைத்த கோட்டு தைக்கிற வேலை. தைத்துத் தைத்து உனக்கு அந்தப் பனியையே பார்க்கணும் என்று வந்துவிட்டது.

ஃபேக்டரி நோட்டீஸ் போர்டில் பெண்களுக்கு மலையேற்றப் பயிற்சி என்று ஒட்டியதும் முதல் பேர் உன்னுடையது. விடியற்காலையில் மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸ் மாடிப்படியை ஏறி இறங்குவாய். எதிர் பிளாக் ராணியம்மா வாசல் தெளித்துக்கொண்டே கேட்பாங்க: "இன்னாம்மா ஸ்டெல்லா, மூட்டைய தூக்கிகினு எங்க போற? ரேஷன் கடை அந்தாண்ட கீது." நீ மூச்சு வாங்கச் சிரிப்பாய். இரண்டு பயிற்சி முடித்தாய். அப்புறம்தான் அந்தப் பெரிய பயணம். பெண்கள் மட்டுமே ஏறும் குழு, பன்னிரண்டு பேர். அந்த மலையில் அதுவரை எந்தப் பெண்ணும் கால் வைத்ததில்லை. தெற்கிலிருந்து போனவள் நீ ஒருத்திதான். கயிற்றில் உன் ஜோடி, வடக்கே போலீஸ் வேலையில் இருந்த கமலா. பெண்கள் குழுவுக்கு ஆலோசகர் மட்டும் ஒரு ஆண், ஓய்வுபெற்ற அதிகாரி. அதுவே எனக்கு அப்போது உறுத்தியது.

உன் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஆமாம்க்கா, வந்தது.

பென்சிலில் எழுதியிருந்தாய். எழுத்தெல்லாம் கோணல். "பிலோ, இன்னிக்கு மத்தியானம் நானும் கமலாவும் மேலே நின்னோம். கேமரா உறைஞ்சு போச்சு. சுத்தி வெறும் மேகம், ஒண்ணும் தெரியலை. ஒரு மூங்கில் குச்சி, அதுல ஒரு டப்பா மூடி சிவப்பு நூலால கட்டியிருந்துச்சு. உச்சியில யாருடி சமைச்சதுன்னு சிரிச்சுட்டோம். விரல் ரெண்டு மரத்து, கயிறு பிடிக்க வரலை. அதனால நாளைக்கும் இந்த மேல் கேம்ப்லதான். கீழே போற சுமையாள் கையில இதைக் கொடுத்தனுப்புறேன். அம்மாகிட்ட சொல்லு."

அம்மாகிட்ட ஏறிவிட்டாய் என்று மட்டும் சொன்னேன். அவங்க மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாங்க.

நாலு நாள் கழித்துப் பேப்பரில் வந்தது. முதல் அணியில் நாலு பெண்கள் உச்சியைத் தொட்டார்கள், இரண்டாம் அணி மோசமான வானிலையால் பாதியில் திரும்பியது என்று. இரண்டாம் அணி என்றால் நீயும் கமலாவும்தான். பேப்பரை ஒரு கையிலும் உன் கடிதத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியிலிருந்து வந்தபோது நீதானே சொன்னாய், உயரத்தில் காற்று போதாமல் மூளை குழம்பும், இல்லாததெல்லாம் தெரியும் என்று? மலை உச்சியில் டப்பா மூடி. எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது, ஏறாததை ஏறினதாக நினைக்கிறாள் என்று.

நீ இடது கையில் கட்டோடு வந்து இறங்கினாய். பனி கடித்து இரண்டு விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். மெஷினில் உட்கார முடியாமல் பொத்தான் எண்ணுகிற இடத்துக்கு மாற்றினார்கள். "ஏறினேன்மா" என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாய். அம்மா, "தெரியும்டி, சாப்பிடு" என்றாங்க.  நான் உன்னைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க? கயிறு யார் முன்னாடி? ஒரே கேள்வியை ஒரு வாரம் விட்டுத் திரும்பக் கேட்பேன். பதில் மாறுகிறதா என்று பார்ப்பேன். ஒரு தடவைகூட மாறவில்லை. மனப்பாடம் செய்துவிட்டாள் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தேன்.

உச்சியைத் தொடாமல் பாதியில் திரும்பியதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். கமலா போட்டாள். நீ போடவில்லை. அதனால் ஒன்றரை வருஷம் கழித்து, உங்களை அனுப்பிய மலையேற்றச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். அந்த மத்தியானம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. வயதானவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"மேடம், கீழே இறங்குறதுக்கு முன்னாடி நீங்க எழுதினது ஏதாவது இருக்கா? டைரி, சீட்டு, எதுவானாலும் சரி."

"என் தங்கச்சிக்கு ஒரு லெட்டர் எழுதினேன் சார்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். கடிதம் பக்கத்து அறையில், என் பைபிளுக்குள் இருந்தது. அதைக் கொடுத்தால் டப்பா மூடியைப் படிப்பார்கள், உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுதுவார்கள், இருக்கிற வேலையும் போகும் என்று என் மனசு ஓடியது.

"லெட்டர் எதுவும் வரலை சார்" என்றேன்.

 அவர்கள் போனதும் டம்ளர்களை எடுத்துக் கழுவினாய். "அவ்ளோ தூரத்துலேர்ந்து ஒரு லெட்டர் வந்து சேர்றது கஷ்டம்தான் பிலோ" என்றாய். அதற்குப் பிறகு மலையைப் பற்றி நீ பேசவே இல்லை. நீ என்னை நம்பினாயா, அக்கா? இல்லை, தெரிந்தேதான் விட்டுவிட்டாயா?

அப்புறம் மஞ்சள் காமாலை. இருபது நாளில் எல்லாம் முடிந்தது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி நானும் அம்மாவும் கரையான்சாவடிக்கு வந்துவிட்டோம்.

இப்போது நடந்ததைக் கேள். பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தால் வாசலில் ஒரு பெண். குட்டையான உருவம், வெயிலில் சிவந்த கன்னம். ஆவடிக்குப் போய், ராணியம்மாவிடம் விலாசம் வாங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். உன் கமலா.

நீ இறந்ததே அவளுக்கு ராணியம்மா சொல்லித்தான் தெரியுமாம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் வராதவள் இப்போது எதற்கு வந்தாள் என்றுதான் ஓடியது. குவார்ட்டர்ஸில் கற்ற ஹிந்தியில் நேராகவே கேட்டேன்.

"போலீஸ் வேலையை விட்டுட்டேன்" என்றாள். "கையெழுத்து போடலைன்னா ரெண்டு பேரும் பொய் சொன்னதா எழுதுவேன்னு ஆலோசகர் சொன்னார். எங்க மேலதிகாரி அவருக்கு வேண்டியவர். எனக்கு ரெண்டு குழந்தைங்க. பயந்துட்டேன்."

"அப்போ ஏறினீங்களா?"

"ஏறினோம்."

நம்பவில்லை. உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து, அவளுக்குத் தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். "மேலே என்ன இருந்துச்சு?" என்றேன். ஏதாவது உளறட்டும், பிடித்துவிடலாம் என்றுதான் கேட்டேன்.

"மூங்கில் குச்சி. அதுல ஒரு டப்பா மூடி, சிவப்பு நூலால கட்டி. முதல் அணி அடையாளத்துக்கு விட்டுட்டு வந்தது. அவங்களுக்கும் ஆலோசகருக்கும் மட்டும்தான் தெரியும். கீழே வந்து போட்டோ இல்லாததுக்குப் பதிலா நாங்க அதைச் சொன்னோம். முதல் அணிகிட்ட கேட்டுட்டு சொல்றீங்கன்னுட்டார். இறங்குறதுக்கு முன்னாடி எழுதினது ஒண்ணு இருந்திருந்தா அவர் வாயே திறந்திருக்க முடியாது." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "அதைப் பார்த்து ஸ்டெல்லா எவ்ளோ சிரிச்சா தெரியுமா?"

 தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ பைத்தியம் என்பதற்குச் சாட்சி என்று எந்த வரியை ஒளித்தேனோ, அதுதான் நீ ஏறினதற்கு இருந்த ஒரே சாட்சி. கடிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். தமிழ் தெரியாவிட்டாலும் அந்தக் கோணல் எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.  அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "வந்த பொண்ணுக்கு இட்லி வை" என்றாங்க, அவ்வளவுதான்.

கமலா நடந்ததை எல்லாம் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நானும் எழுதினேன், கடிதம் வந்தது, மறைத்தது நான்தான் என்று. உன் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து மூன்றையும் சங்கத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. உச்சியைத் தொட்டவர்கள் பட்டியலில் உங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்க்கப்படும் என்று. 'சேர்க்கப்படும்' என்றுதான் இருக்கிறது, 'சேர்த்தாகிவிட்டது' என்று இல்லை. புதுப் பட்டியலை அனுப்பச் சொல்லி அடுத்த நாளே எழுதிவிட்டேன். வரும்வரை விடமாட்டேன். என் புத்திக்கு இப்போதுதான் உருப்படியாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

ஆனால் உன் விஷயத்தில் இனி அந்தப் புத்தி கிடையாது. யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், எங்கக்கா ஏறினாள் என்று முதலில் சொல்வேன். அத்தாட்சியெல்லாம் அப்புறம்தான். அம்மா அன்றைக்குத் "தெரியும்டி" என்று சொன்ன மாதிரி. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்படப்போகிற
உன் கூடப்பிறந்தவள்,
பிலோமினா