குளியலறைக்குள் ஒரு தலைவாசல்

கோலா சிலாங்கூர்
3 மே 2024

அன்புள்ள கௌரிக்கு,

நான் நலம். நீர் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன நாள் முதல் என் போனை எடுக்கிறீரில்லை. இந்தக் காலத்திலும் கடிதம் எழுதி முத்திரை ஒட்ட வைத்துவிட்டீர். உம்மைக் கேளாமல் வீடு வாங்கியது பிழைதானோ என்னவோ, ஆனால் வந்து பார்த்தால் சொக்கிப்போவீர். முன்னால் நாலு தூண், மாடியில் பால்கனி! வாசல் மேற்கே பார்த்திருந்தது. கண்ட்ராக்டர் கணேஸ்வரனைக் கொண்டு கிழக்குச் சுவரை உடைத்துத் தேக்குக் கதவு போட்டாயிற்று. வைகாசியில் பால் காய்ச்சவேண்டும். நீர் இல்லாமல் எப்படி?

உமது யோகேந்திரன்

கோலா குபு பாரு
10 மே 2024

இஞ்சாருங்கோ,

கணேஸ்வரனின் மனைவி கலாவதி படம் அனுப்பினாள். அக்காவும் நானும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. கிழக்குப் பக்கம் குளியலறையல்லோ! குடிபுகுதலுக்கு வருகிறவர்கள் நிறைகுடத்தைக் கும்பிட்டுவிட்டு நேரே கக்கூசுக்குள்ளா கால் வைப்பது? ஐயரை எங்கே இருத்துவீர்கள், ஷவருக்குக் கீழேயா? தூண்களுக்கு நடுவே காரை விட்டால் கார்க் கதவு திறக்காதாம். பால்கனிக்குப் போக வழியே இல்லையாம். துணி காயப்போட நான் இந்த வயதில் சன்னலால் குதிக்கவா?

சிரிப்பு ஒரு பக்கம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு கரண்டிகூட என்னைக் கேட்டு நீங்கள் வாங்கியதில்லை. அதுதான் மனம் நோகிறது. கேட்காத மனிதரோடு அந்த வீட்டில் வந்து இருக்க எனக்கு விருப்பமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

சிவகௌரி

கோலா சிலாங்கூர்
17 மே 2024

அன்புள்ள கௌரிக்கு,

மூன்று வேளையும் கடையில் ரொட்டி சானாய்தான். உமது கடிதத்தைப் படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் தலைமுழுகிக்கொண்டிருக்கிறேன், பார்சல்காரன் தேக்குக் கதவைத் தட்டுகிறான்! துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் நுரையோடு கையெழுத்துப் போட்டேன். “சாரி லா, அங்கிள்” என்றான். அவன் சிரிக்க, எனக்கும் அடக்க முடியவில்லை. நீர் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

நேற்று கணேஸ்வரன் கேட்டான்: “இந்தக் கதவ அடைச்சிடவா, அங்கிள்? கிச்சனுக்கு என்ன கலர் லா?” வழக்கம்போல வாயைத் திறந்தேன். பிறகு, “ஆன்ட்டியக் கேட்டுத்தான் சொல்லுவன்” என்றேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

வேலை நிற்கிறது. என்ன செய்யட்டும், கௌரி? நீர் சொல்லும்.

யோகேந்திரன்

கோலா குபு பாரு
22 மே 2024

இஞ்சாருங்கோ,

சுவரைப் பாராமல் கலர் எப்படிச் சொல்லுவது? ஞாயிறு காலை வருகிறேன். உள்ளே இருக்காமல் வெளியே வந்து நில்லுங்கோ. எந்தக் கதவால் போவது என்று நான் சொல்லுகிறேன்.

உங்கள் கௌரி