சமையலறை வரை கேட்ட இங்கிலீஷ்

இன்று காலை கோவிலுக்குப் போகும் வழியில், மாட வீதியில் எனக்கு வழக்கமாகப் பூக்கொடுக்கும் அம்மா, முழம் போடுவதை நிறுத்திவிட்டு இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, முழுக்க இங்கிலீஷ். அதில் மல்லிகை வாசனை ஏறியிருந்தது.

"இது இன்னான்னு சொல்லு மா. ஃபீஸுன்னு கீதா, ஃபைனுன்னு கீதா? ஃபைனுன்னா பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சோன்னு பயமா கீது."

அவள் அப்படிப் பிரித்துக் கேட்டதும் நீ என் நினைவில் வந்து நின்றாய்.

என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு நீ மந்தைவெளி வீட்டுக்கு வந்தபோது என் பெண் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். நீ கான்வென்ட்டில் படித்தவள். நான் எட்டாவதோடு நின்று, மளிகைப் பொட்டலம் சுற்றிவந்த பேப்பரில் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் கற்றவள். வீட்டுக் கணக்கு என் கையில், பைசா பிசகாது. ஆனால் பஸ்ஸானாலும் பள்ளிக்கூடமானாலும் டாக்டரானாலும் 'கட்டணம்' என்றுதான் எழுதுவேன். அது குறையாகத் தெரிந்ததே நீ வந்த பிறகுதான்.

என் பெண் இங்கிலீஷ் பாடத்தைத் தூக்கிக்கொண்டு, அடுப்பருகே நிற்கும் என்னைத் தாண்டி உன்னிடம் போவாள். தாண்டும்போது பாவாடை என்மேல் உரசும்.

"எல்லாம் காசுதானே சித்தி, எதுக்கு இத்தனை வார்த்தை?"

"பஸ்ஸுல ஏறி உக்காந்தா ஃபேர். டாக்டரோ வக்கீலோ வாங்கினா ஃபீஸ். டிக்கெட் எடுக்காம மாட்டினா ஃபைன். அது உங்க சித்தப்பாவுக்கு நல்லாத் தெரியும்."

இருவரும் சிரிப்பீர்கள். நான் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். "சட்னி இன்னுமா அரையுது?" என்பார் மாமியார். கோவிலில் கற்பகாம்பாளிடம் நான் நகை கேட்டதில்லை. ஒரு நாளாவது என் பெண் என்னிடம் வந்து பாடம் கேட்கவேண்டும் என்றுதான் கேட்டேன்.

ஒரு மாலை அவள், "ஏன் சித்தி கத்தறீங்க? பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்" என்றாள்.

"ஃபேன் சத்தம்டி" என்றாய்.

அது மார்கழி. ஃபேன் ஓடவில்லை.

நான் மிக்ஸியை நிறுத்துவது உனக்குத் தெரிந்திருந்தது. அதற்காக உன்மேல் பிரியம் வந்திருக்கவேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. கொடுக்கிற இடத்திலும் நீயே இருந்தாய். இருந்தாலும் மறுநாளும் மிக்ஸியை நிறுத்தினேன். எல்லாம் மனப்பாடமாயிற்று. அவள் மட்டும் என்னிடம் வரவில்லை. உன் பக்கத்து இடம் அவளுக்குப் பழகிவிட்டது.

போன ஐப்பசியில் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, பெங்களூரிலிருந்து ஓடிவந்து அவள் அழுத அழுகையைப் பார்த்தேன். நான் போனால் இவ்வளவு அழுவாளா என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே என் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

பூக்காரம்மாவிடம், "ஃபைன் இல்லம்மா, ஃபீஸ்தான். பரீட்சைக்குக் கட்டறது. உன் பேத்தி ஒரு தப்பும் பண்ணல" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஃபேர் என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் முகம் தெளிந்து சிரித்தாள்.

"சரி மா, ஏன் இப்டி கத்தற? இங்கதான கீறேன்."

என் பெண்ணின் அந்த அழுகை உனக்கே இருக்கட்டும். இந்தக் குரலை நான் திருப்பித் தருவதாக இல்லை.