அவர் கலந்த பச்சை

9-2-76
இன்று வேலையில் சேர்ந்தேன். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், அவர் வேலை பார்த்த அதே கொட்டகை. மூலைத் தொட்டியில் பச்சைச் சேறு, மேலே ஈரச் சாக்கு.

கெமிஸ்டு ஜானகிராமன் சார், "தேசப்பன் கடைசியா கலந்ததும்மா. பாதி கழுவும்போதே காய்ச்சல்னு போயிட்டாரு. இதைக் கொட்டிட்டுத் தொட்டியைக் காலி பண்ணணும்" என்றார்.

காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தவர், ஆஸ்பத்திரியோடு முடிந்தார்.

"கொட்டாதீங்க சார், நான் கழுவறேன்." எப்படித்தான் வாயில் வந்ததோ.

சனிக்கிழமை வரை பார்ப்போம் என்றார்.

10-2-76
இந்தச் சேறு எதற்கு என்று சாரைக் கேட்டேன். எண்ணெயை வனஸ்பதியாக உறைய வைக்கும் மருந்தாம்.

"நிக்கலும் அலுமினியமும் அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும்மா. சூளையில வச்சா அடுக்கு கலைஞ்சு, அப்புறம் நிக்கல் பொடிப்பொடியா நிக்கும். கலக்கும்போது போட்ட சோடா தங்கிட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வேலைக்கு ஆகாது."

தண்ணீர் விட்டு, கலக்கி, படிந்ததும் வடிக்க வேண்டும். வடித்த நீரில் ஒரு சொட்டு சோதனை மருந்து. ரோஸ் நிறம் வந்தால் சோடா இருக்கிறது.

நல்ல ரோஸ்.

11-2-76
சேறு கலக்கும் துடுப்பின் பிடியில் வலைக்கயிறு சுற்றி வைத்திருக்கிறார். மீன்பிடிக் குப்பத்துக் கை, எங்கே போனாலும் கயிறு தேடும்.

கலக்கினால் பச்சை மேலே எழும்புகிறது. இதைப் பார்த்துக்கொண்டே நாளெல்லாம் என்ன நினைத்திருப்பார்? என்னையா? மத்தியானச் சோற்றையா? ஒருநாளும் கேட்கவில்லையே.

12-2-76
நாத்தனார் சொர்ணம் கருவாட்டுக் கூடையோடு மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

"இன்னா அண்ணி, நாஸ்தா கூடத் துன்னாம சேத்தைக் கழுவிகினு கீறியாமே. குப்பத்துக்கு வா. எங்கண்ணன் இன்னா தொட்டிக்குள்ளயா கீறாரு?"

இல்லைதான். எனக்குத் தெரியாதா?

அவள் போனபிறகு கூடை வாசனை ரொம்ப நேரம் இருந்தது. அவர் மேலும் அந்த வாசனைதான், கல்யாணமான புதிதில்.

14-2-76
சொட்டு விட்டேன். நிறம் இல்லை. இன்னொரு சொட்டு. இல்லை.

சார் கேட்டார். "இன்னும் ரோஸ் வருது சார்" என்றேன்.

சூளைக்குப் போய்விட்டால் அப்புறம் எனக்கு என்ன கீது—

திங்கள் வரை விட்டார்.

15-2-76
ஞாயிறு. மாசி மகம், கடற்கரையெல்லாம் ஜனமாம். துக்க வீடு, போகவில்லை. சாக்கு காய்ந்திருக்குமோ என்று அதே நினைப்பு.

16-2-76
சார் தானே சொட்டு விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்தும்மா?"

"சனிக்கிழமையே சார்."

திட்டவில்லை. "இப்படியே வச்சிருந்தா இது வெறும் சேறும்மா. சூட்டுக்குப் போனாத்தான் அவர் கலந்ததுக்கு அர்த்தம்" என்றார்.

சூளைத் தட்டுகளில் நானே அள்ளி வைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

20-2-76
பச்சை போய்விட்டது. கறுப்புப் பொடி. வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட இப்படி அழவில்லை.

24-2-76
சார் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். கடலை எண்ணெய், வெண்ணெய் போல உறைந்திருந்தது.

"உங்க வூட்டுக்காரர் சரக்குதான். நல்லா வந்திருக்கு."

விரலால் தொட்டேன். வழுவழுவென்று ஒட்டிக்கொண்டது. உடனே துடைக்க மனம் வரவில்லை.

4-3-76
மூலைத் தொட்டியில் புதுச் சரக்கு, நான் கலந்தது. ரோஸ் வருவது நின்றதும் நானே போய்ச் சாரைக் கூப்பிட்டேன். இன்றுதான் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.