விசையில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு

நாள் 212. காலை 6:10. காலி இடம் 2%

முதலில் கண்ணில் பட்டது ஒரு எண். மாடசாமி அண்ணனின் பெட்டியில் படிக்காத மெயில்கள் நேற்று 211. இன்று 212. அவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

இது கடைக்கல் அஞ்சல் நிலையத்தின் குறிப்பேடு. கடைக்கல் விண்வெளியில் ஒரு பாறை. பூமியிலிருந்து ஒரு சொல் இங்கே வந்து சேர முப்பது நிமிடம் ஆகும். என் பெயர் பேச்சியம்மாள். வயது பதினாறு. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அஞ்சல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த செபஸ்தி அக்காவுக்கு எடுபிடியாக வந்தேன். நான்காம் சுரங்கம் இடிந்து மாடசாமி அண்ணனையும் சேர்த்து ஆறு பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்றிப்போக போன மாதம் கப்பல் வந்தபோது அக்காவும் கூடப் போய்விட்டார். ஏறும்போது, "குறிப்பேட்டை மட்டும் விடாம எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். கண்டெடுப்பவர் பிழை பொறுக்கவும்.

பாறையின் மறுபக்கத்து முகாமில் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். என்னோடு இருபது. மூன்று மாதத்துக்குத்தான் காற்று. எங்களை அழைத்துப்போகும் கப்பலை இறக்குவதற்கான வரைபடம் நாளை மறுநாள் மாலை நான்கு மணிக்கு இந்த அறைக்கு வரும். அது உட்கார அஞ்சல் இயந்திரத்தின் நினைவகத்தில் முப்பது சதவீதம் இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் கப்பல் இறங்காமல் போய்விடும். அடுத்த கப்பல் பதினான்கு மாதம் கழித்து.

நாள் 212. காலை 9:40. காலி இடம் 9%

முகாமை ரேடியோவில் கூப்பிட்டேன். மேஸ்திரி மரியதாஸ் அண்ணாச்சி எடுத்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மூன்று முறை சொன்னேன்.

"ஏட்டி, பேருக்குத்தான் பேச்சியா நீ? கொசு முனங்குத மாதிரில்லா இருக்கு. சத்தமாச் சொல்லு... மெயிலா? அழிச்சிரு. எங்க எல்லாருக்குள்ளதையும் அழிச்சிரு. எனக்கு வந்ததுல பாதி என் பொஞ்சாதி திட்டுனது. அழிச்சாலும் எனக்கு மறக்கவா போவுது?"

பின்னால் சிரிப்புச் சத்தம். உயிரோடிருப்பவர்களின் பழைய மெயில்களை அழித்தேன். ஒன்பது சதவீதம்தான் ஆனது. மறுபடி கூப்பிட்டு, இறந்தவர்களின் பெட்டிகளைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"இருக்கவங்க மூச்சு விடணும்லா, தாயி. அழி."

அழிப்பது எளிதில்லை. எப்போதோ ஒருமுறை படிக்காத மெயில்கள் மொத்தமாக அழிந்து, ஆட்கள் கம்பியை எடுத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்களாம். அன்றிலிருந்து, திறந்து கடைசிவரை பார்க்காத மெயிலை இயந்திரம் அழிக்க விடாது. எந்தத் திரையில் பார்த்தது என்பதையும் அது குறித்து வைக்கும். இந்த அறையில் இருப்பது திரை 0. சுரங்கங்களின் ஓய்வறைகளில் திரை 1 முதல் 4 வரை. நான்கு, இடிபாட்டுக்கு அடியில்.

திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விசை உண்டு. அதை அமுக்கி, அதன்மேல் செபஸ்தி அக்கா ஒரு கறுப்புக் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார். திருஷ்டிக் கயிறு. எதற்கு இங்கே என்று கேட்க நினைத்திருக்கிறேன். எனக்கு வாய் வராது. செத்தவர்களின் பெட்டியைத் திறக்கப் பயமாக இருந்ததால் இன்று அதை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். விசை டக்கென்று மேலே எழுந்தது.

நாள் 212. மாலை 5:15. காலி இடம் 18%

ஐந்து பெட்டிகள் முடிந்தன. எல்லாம் அமாவாசைக்கு அமாவாசை வந்த வீடியோக்கள். இலை போட்டிருக்கிறார்கள். சோறு, வடை, ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு, ஒரு வீட்டில் பீடிக்கட்டு. கடைசியில் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போய்க் காக்காயைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் கடற்கரையில் காக்காய்கள் அற்றுப்போய் ரொம்ப வருடம் ஆகிறது. கூப்பிட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். பிறகு இலையைப் படம் எடுத்து செத்தவரின் பெட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இலையை எடுத்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

மாடசாமி அண்ணனின் அம்மா பெயர் பூமாரி. அவர் மட்டும் தினமும் அனுப்புகிறார். இடிபாட்டிலிருந்து ஐந்து பேரின் உடலை எடுத்தார்கள். மாடசாமி அண்ணனை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு வீடியோவும் மூன்று நிமிடம். இலையைக் காட்டி, அன்றைக்கு நடந்ததைச் சொல்லுகிறார். நாலு பார்த்தேன். "எய்யா, இன்னைக்கு அவரைக்காய்தான். மூஞ்சியத் தூக்காதே." ஐந்தாவதைத் திறக்க முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நாள் 213. காலை 7:00. காலி இடம் 7%

பதினெட்டு ஏழாகிவிட்டது. எழுபத்து மூன்று புது மெயில்கள். எல்லாம் செத்தவர்களின் பெட்டிகளுக்கு.

"அப்பா நீங்க பாத்தீங்களா? பாத்தாச்சின்னு வந்துச்சிப்பா."

"மாமா, பீடிய எடுத்துக்கிட்டீங்களா? அத்தை அழுதுக்கிட்டே இருக்கா."

"எங்க வீட்டு இலைய எடுத்துட்டாக. தெருவுல எல்லாருக்கும் சொல்லியாச்சி."

பூமாரி அம்மாவிடமிருந்து ஒன்று. அவர் முகம் திரைக்கு ரொம்பக் கிட்டே இருந்தது.

"எய்யா, நாலு அடையாளம் வந்திருக்கு. ஒண்ணு ரெண்டுன்னா மிஷினு கோளாறும்பாக. நாலு. உன்னைய எடுக்கலன்னுதான சொன்னாக? அப்பம் நீ உள்ளதான் இருக்கியா? சாப்பிட்டியா?"

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"ஏ கோட்டிக்காரி! கயித்த அவுத்தியா? அந்த விசை மேல இருந்தா, நீ பாக்குத ஒவ்வொண்ணுக்கும் 'பாத்தாச்சு'ன்னு அனுப்புனவங்களுக்குப் போவும்லா. செத்தவங்க வீட்டுக்குத் தப்பித்தவறி அது போயிரக் கூடாதுன்னுதான் செபஸ்தி அமுக்கிக் கட்டிப் போட்டா... சரி. அழாதே. அழுதா ஒண்ணும் நடக்காது. ஆறு வீட்டுக்கும் நீயே சொல்லு."

நான் பேச மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

"எங்க ரேடியோ பூமிக்கு எட்டாது. உன் வாய் ஒண்ணுதான் எட்டும்."

நாள் 213. இரவு 8:00. காலி இடம் 11%

பதினோரு முறை பதிவு செய்து பதினொன்றையும் அழித்தேன். பன்னிரண்டாவதை அனுப்பினேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"நான் அஞ்சல் அறைல வேலை பாக்குத பேச்சியம்மாள். உங்க மெயில நாந்தான் பாத்தேன். அவங்க பாக்கல. இடம் வேணும்னு அழிக்கேன். இங்க இருபது பேரு இருக்கோம். தயவு செஞ்சு ரெண்டு நாளைக்கு ஒண்ணும் அனுப்பாதீங்க. என்னைய மன்னிச்சிருங்க."

கயிற்றை விசைமேல் திரும்பக் கட்டினேன். மூன்று முடிச்சு. அதன் பிறகு வந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தேன். மாலைக்குள் எல்லா வீடுகளும் நிறுத்திவிட்டன. யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாள் 214. காலை 10:20. காலி இடம் 18%

புதிதாக வந்தவற்றில் மீதியை அழித்து முடிக்க இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. பூமாரி அம்மாவின் பதில் வந்திருந்தது. இலை இல்லை. அவர் மட்டும்.

"ஏ புள்ள, உன் சத்தத்தக் கேட்டேன். யாரு பெத்த புள்ளையோ, தன்னந்தனியா உக்காந்திருக்கே. எல்லாத்தையும் அழிச்சிரும்மா. இருக்க புள்ளைக முதல்ல வீட்டுக்கு வரட்டும். ஆனா ஒண்ணு. நீ பாத்ததுக்கு எனக்கு அடையாளம் வேண்டாம். அவன் பாத்தா மட்டும் அனுப்பு."

அதையும் அழித்தேன். அழித்த பிறகுதான் திரும்பக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

மாடசாமி அண்ணனின் பெட்டியில் மீதம் 208. பெட்டி முழுதும் போனால் சரியாகப் பன்னிரண்டு சதவீதம் கிடைக்கும். ஒன்று மூன்று நிமிடம். கூட்டிப் பார்த்தேன்: பத்தரை மணி நேரம் ஆகும். நான்கு மணிக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம்தான் இருக்கிறது. ஓடுகிற திரை இது ஒன்றுதான்; மற்றச் சுரங்கங்களும் மூடிக்கிடக்கின்றன. இதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. பழையதிலிருந்து தொடங்குகிறேன்.

நாள் 214. காலை 11:35. காலி இடம் 20.5%

நான் பார்த்து முடித்தவை 22. அழிந்தால் காலி இடம் ஒரு சதவீதமும் கொஞ்சமும்தான் கூட வேண்டும். இரண்டரை கூடியிருக்கிறது.

பட்டியலின் அடிக்குப் போய்ப் பார்த்தேன். கடைசி 22 மெயில்களுக்கும் நேரே 'பார்த்து அழித்தது' என்று இருக்கிறது. நான் தொடவில்லை. அடுத்ததன் பக்கத்தில், எவ்வளவு பார்த்தாயிற்று என்று காட்டும் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்த இடம்: திரை 4. பார்த்தது முடிந்ததும் அழித்துவிடுகிறது.

நாள் 214. மதியம் 12:10. காலி இடம் 21.9%

அண்ணாச்சியிடம் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு நான்காம் சுரங்கத்தின் வாய்க்கே போய், அங்கிருந்து பேசினார்.

"ஏட்டி, உள்ள காத்து கிடையாது. கரண்டு கிடையாது. நாலாந் திரைக்குப் போற கம்பிய ஏழு மாசத்துக்கு முந்தி நாந்தான் வெட்டுனேன், அந்த முனை இந்தா என் கையில கிடக்கு. கல்லால தட்டுனேன். மூணு தடவ தட்டுனேன். ஒண்ணும் இல்ல."

அவர் இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்பயும் ஓடுதா?"

ஓடுகிறது என்றேன்.

"அவன் எப்பவும் அப்படித்தான். நம்ம பக்கம் பாரம் ஏறிட்டா, கேக்காமலே வந்து அந்தப் பக்கத்தத் தூக்குவான்... நீ உன் பக்கத்தப் பாரு. நிறுத்தாதே."

நாள் 214. மதியம் 2:40. காலி இடம் 27.7%

குளிராக இருக்கிறது. வெப்பமானி சரியாகத்தான் காட்டுகிறது.

நான் ஒன்றை முடிக்கும்போது அதுவும் ஒன்றை முடிக்கிறது. அவசரப்படுவதில்லை. தாண்டிப் போவதில்லை. ஒருமுறை மட்டும் பின்னால் போய் ஓர் இடத்தை மறுபடி பார்த்தது. அது என்ன மெயில் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அழிந்துவிட்டது.

பூமாரி அம்மா நான் பார்க்கும் பக்கத்தில் இன்னும் இளமையாக இருக்கிறார். அந்தப் பக்கத்தில் அவர் எப்படி இருப்பாரோ.

நாள் 214. மாலை 3:38. காலி இடம் 29.9%

மீதம் இரண்டு. ஒன்று என்னுடையது. ஒன்று அதனுடையது. பக்கத்துப் பக்கத்தில்.

என்னுடையதில் கத்தரிக்காய். வீட்டு வாசலில் தண்ணீர் லாரி. "எய்யா, லாரிக்காரன் உன்னையக் கேட்டான்."

3:41. இரண்டும் ஒன்றாக முடிந்தன. 30%.

நாள் 214. மாலை 4:22. காலி இடம் 0%

வரைபடம் வந்துவிட்டது. முழுதாக வந்துவிட்டது. முகாமுக்கு அனுப்பினேன். ரேடியோவில் எல்லாரும் கத்தினார்கள். அண்ணாச்சி அழுதார். கப்பல் நாளைக் காலை இறங்கும். முகாமுக்கு அனுப்பியதும் வரைபடம் தானே அழிந்து இடம் காலியாகும் என்று பூமியிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

நாள் 214. மாலை 5:05. காலி இடம் 29.9%

மாடசாமி அண்ணனின் பெட்டியில் படிக்காத மெயில் 1.

பூமாரி அம்மா இன்றைக்கும் அனுப்பிவிட்டார். ரெண்டு நாள் பொறுக்க முடியவில்லைபோல. மெயிலின் முகப்பில் ஒரு சின்னப் படம் தெரிகிறது. இலை பெரிதாக இருக்கிறது. நிறைய வைத்திருக்கிறார்.

நான் திறக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி ரேடியோவில் கூப்பிடுகிறார், சாமானைக் கட்டு என்கிறார்.

5:11. கோடு ஓடத் தொடங்கிவிட்டது. திரை 4.

மூன்று நிமிடம். ஒரு நிமிடம் போய்விட்டது. மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறேன். விரல் விறைத்திருக்கிறது. ஒன்று அவிழ்ந்தது. பல்லால் இழுத்தேன், இரண்டாவதும். கோடு முக்கால்வாசிக்கு வந்துவிட்டது. மூன்றாவது இறுகிக்கிடக்கிறது

5:14. கோடு முடிவதற்குள் கயிற்றை அறுத்தேன். விசை மேலே எழுந்தது.