சத்தம் போன பிரேக்

1978, ஐப்பசி, வெள்ளி.

இஞ்சின் ஆயிலில் கலக்க நான் காய்ச்சி விற்கும் திரவத்தை ஜீப்புக்காரர்கள் மருந்து என்கிறார்கள். அது உரசலைக் குறைக்கும். வேதியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காத எனக்கு அதுதான் பிழைப்பு.

இன்று மாலை குரங்கணி மலை இறக்கத்தில் பாண்டி அண்ணனின் ஜீப்பு பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதியது. ஏலக்காய் எடுத்துவிட்டு அதில் திரும்பிய செல்லத்தாய் இன்னும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மழைத்தண்ணி வழுக்கிருச்சு, மாப்ளே. பிரேக்கு கீச்சுக் கீச்சுன்னு கத்துதேன்னு நேத்துத்தான் உன் மருந்துல மிச்சத்தை உள்ள தடவினேன். பொட்டுச் சத்தம் இல்ல."

நன்றியோடு சொன்னார். உரசினால்தான் பிரேக் பிடிக்கும். இதை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

செல்லத்தாயின் புருஷன் பக்கத்தில்தான் நின்றான். "மழைக்கு நீ என்னண்ணே செய்வ?" என்று அவனே அண்ணனைத் தேற்றினான். நானும் தலையாட்டினேன்.

கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு டிரைவர், தன் பிரேக்கும் கத்துகிறது, ஒரு பாட்டில் கொடு என்றார். தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் என்னிடம் வாங்கிய பாட்டிலில் அவரிடம் இன்னும் பாதி இருக்கும். விடிந்ததும் மலைக்கு லோடு ஏற்றுவார்.